மடையடி, முக்குறுணி, மஞ்சக்காணி: எங்கள் வயல்களின் பெயர்கள்



எங்கள் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆலங்குடி வட்டத்தில் கண்மாய்க்குக் கீழே ஆறு, மேட்டில் ஐந்து என்று எங்களுக்கு இருந்த பதினொரு துண்டு நிலத்தையும் பெயர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். கல்லூரி விடுமுறை ஒன்றில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்ட நாற்பது பக்க நோட்டுதான் இன்றைய பேச்சுக்கு மூல ஏடு. அதில் முதல் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: மடையடி, கடைத்தடி, குறுணிச்செய், முக்குறுணி, பண்டாரச்செய், மஞ்சக்காணி. கொல்லைகள்: தாழிக்கொல்லை, குதிரைப்பொட்டல், இலுப்பையடி, வரகுக்கொல்லை, இஞ்சின் கொல்லை.

இந்தப் பெயர்களில் ஒன்றுகூடப் பட்டாவில் கிடையாது. அங்கே இருப்பவை புல எண்ணும் உட்பிரிவும் ஹெக்டேர் கணக்கும். எங்கள் வீட்டிலோ எண்ணை யாரும் வாயால் சொன்னதில்லை. "நாளைக்கு மடையடியில களையெடுப்பு, பொட்டல்ல கடலை பறிக்கணும்" என்றுதான் பேச்சு. வேலை நடக்கிற இடத்தில் பெயர் இருந்தது. வில்லங்கம் வருகிற இடத்தில் எண் இருந்தது.

எண்ணிடும் பழக்கத்தை வெள்ளைக்காரர்தான் கொண்டுவந்தார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு நிலத்தைச் சுட்ட வேண்டுமானால், இன்ன வதிக்கு மேற்கே, இன்ன வாய்க்காலுக்கு வடக்கே, இத்தனையாம் கண்ணாற்றில் இத்தனையாம் சதிரம் என்று எழுதியிருக்கிறார்கள். வதிக்கும் வாய்க்காலுக்கும் பெயர், துண்டுக்கு எண். முதலாம் இராசராசன் நாட்டை அளக்கச் செய்ததும், பின்னால் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் மீண்டும் அளந்ததும் நீங்கள் பாடத்தில் படித்தவை. ஆகவே எண்ணும் பெயரும் ஆயிரம் ஆண்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தவைதாம். அந்த நாளில் இரண்டும் ஒரே கல்லில் இருந்தன. தானம் கொடுக்கும்போது நான்கு எல்லையும் சொல்லி, மேலே ஓங்கும் மரம், கீழே இறங்கும் கிணறு, உடும்பு ஓடும் தரை, ஆமை தவழும் ஈரம் எல்லாம் சேர்த்து என்று எழுதுகிற வழக்கம் இருந்தது. பிற்காலத்து நில அளவையில் பெயர் மட்டும் கழன்று விழுந்துவிட்டது. அந்த விழுந்த பாதியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் தண்ணீர். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கு மேல் கண்மாய்களும் குளங்களும் இருக்கின்றன. கல்லணைக் கால்வாய் அறந்தாங்கிப் பக்கத்தைத் தொட்டு மும்பாலை ஏரியோடு நின்றுவிடுகிறது. மற்ற இடங்களில் மழை பெய்து, வரத்துவாரி ஓடி, கண்மாய் நிறைந்தால்தான் நெல். அதனால் ஒரு வயலைப் பற்றித் தெரிய வேண்டிய முதல் விவரம், அது மடைக்கு எவ்வளவு தூரம் என்பது. மடையடி என்றால் மடை திறந்ததும் முதலில் நனைகிற செய். வண்டல் அங்கேதான் படியும். கடைத்தடி என்றால், மேலே உள்ளவர்கள் எல்லாரும் குடித்த பிறகு மிஞ்சினால் குடிக்கிற தடி. மடையடியே சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். கரையிலிருந்து ஊற்றுக் கசிந்துகொண்டே இருக்கும், அறுப்பு நேரத்தில் காயாது, கதிர் சேற்றில் சாயும். நல்ல மழை வருஷத்தில் கடைத்தடிதான் கை கொடுக்கும்.

பங்கு பிரிக்கும்போது இந்தப் பெயர்களின் கனம் தெரியும். எங்கள் பக்கத்தில் மூத்தவர் பங்கு போடுவார், இளையவர் முதலில் எடுப்பார். ஆகவே மூத்தவர் ஏமாற்ற முடியாது. எங்கள் அய்யாவின், அதாவது தாத்தாவின், அண்ணன், மடையடியையும் கடைத்தடியையும் ஒரே பங்கில் போட்டு, நடுவில் இருந்த நல்ல செய்களை மற்றொரு பங்கில் போட்டாராம். அய்யா மடையடி இருந்த பங்கை எடுத்தார். பரப்பைக் கொண்டு மட்டும் பிரித்திருந்தால் அந்த நியாயம் கிடைத்திருக்காது. ஏக்கரும் சென்டும் தண்ணீரின் வரிசையைச் சொல்லாது. பெயர் சொல்லும்.

அடுத்தது குறுணி. எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். குறுணியைத்தான் மரக்கால் என்றும் சொல்வோம். நிலத்தைக் கோலால் அளப்பது அரசாங்கத்தின் வழக்கம். உழுகிறவர் அளந்தது விதையால். ஒரு மரக்கால் விதை பிடித்தால் அது குறுணிச்செய். திருநெல்வேலிப் பக்கம் விரைப்பாடு என்பார்கள், இராமநாதபுரத்துப் பக்கம் விரையடி என்பார்கள். யாழ்ப்பாணத்தில் காணியின் பரப்பை இன்றும் இத்தனை இலாச்சம் வரகு, இத்தனை இலாச்சம் நெல் என்று உறுதிகளில், அதாவது பத்திரங்களில், எழுதுகிறார்கள். அதுவும் விதைக்கணக்கின் வழி வந்ததுதான். நிலம் எவ்வளவு பெரிது என்ற கேள்விக்கு, கூடையில் எவ்வளவு எடுத்துப் போக வேண்டும் என்பது பதில். பெண்கள் விதைக்கூடை சுமந்த ஊரில் இது இயல்பான அளவை.

ஆனால் முக்குறுணி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. மூன்று மரக்கால் விதைப்பாடு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படியே எழுதிவைத்தேன். பிறகு ஒரு நாள் அந்தச் செய்யை நடந்து பார்த்தபோது சந்தேகம் வந்தது. பக்கத்தில் இருக்கும் குறுணிச்செய்யைவிட அது மூன்று மடங்குக்கும் மிகப் பெரிது. கையால் விதைத்துப் பழகிய பெரியவர்கள் இரண்டு பேரைக் கேட்டேன். மூன்று மரக்கால் அதில் பாதிக்குக்கூடக் காணாது என்றார்கள். அப்பத்தாவிடம் திரும்பப் போனேன். அவர் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அது வெதையில்லப்பா. தாது வருசத்துல மூணு மரக்கா கம்புக்கு எழுதிக் குடுத்த செய்யி. எம்மாமியா சொல்லும். வெளிய சொல்லாதீங்கன்னும் சொல்லும்."

தாது வருஷம் என்பது 1876-77. தென்னிந்தியாவின் பெரும்பகுதியை 1878 வரை தின்ற பஞ்சத்தின் முதல் ஆண்டு. அந்த ஆண்டில் எங்கள் முன்னோர் வீட்டுக் குதிரில் கம்பு இருந்திருக்கிறது. இன்னொரு வீட்டில் இல்லை. மூன்று மரக்கால் கம்பு ஒரு வீட்டுக்கு எத்தனை நாள் கஞ்சி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை இங்கே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதைக்கதை எப்படிப் பிறந்தது என்பதும் புரிந்தது. பெயரை மாற்ற முடியவில்லை, ஊர் முழுக்க வழங்கிவிட்டது. அதனால் பொருளை மாற்றிக்கொண்டார்கள். ஒரு கிழவியின் வாய்மொழியை வைத்துக்கொண்டு இது முடிந்த முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டது, செய்யின் வரப்புகளும் இடையில் நகர்ந்திருக்கலாம். ஆனாலும் தன் வீட்டுக்குப் பெருமை தராத கதையை ஒருவர் இட்டுக்கட்டிச் சொல்வாரா என்று யோசிக்கிறேன். நான் அப்பத்தா பக்கம்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. பட்டாவில் நிலத்தை இன்று வைத்திருப்பவர் பெயர் இருக்கும். வயலின் பெயரில் அதை இழந்தவர் இருப்பார்.

பண்டாரச்செய்யை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் அய்யனார் கோயிலுக்குப் பூக்கட்டிய பண்டார வீட்டுக்கு அந்த ஊழியத்துக்காக விடப்பட்ட நிலம் அது. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இப்படிப்பட்ட மானியங்கள் மிக அதிகம். படைக்குப் போனவர்களுக்கு அமரம், கோயிலுக்குத் தேவதானம், ஊர்த் தொழில் செய்தவர்களுக்கு ஊழிய மானியம் என்று நாடு முழுவதும் வேலைக்கு ஈடாக நிலம் பின்னிக் கிடந்தது. திவான் சேஷய்ய சாஸ்திரி 1878-இல் பொறுப்பேற்றார். விளைச்சலில் பாதியைக் களத்துமேட்டிலேயே அரண்மனைக்கு அளக்கும் அமானி முறை அவர் காலத்தில்தான் போனது. இனாம் நிலங்களை 1888-இல் கணக்கெடுத்து ஒழுங்கு செய்ததும் அவர் காலத்தில்தான். ஆய்வாளர் நிக்கலஸ் டர்க்ஸ் 1987-இல் வெளியிட்ட நூலில், இந்தச் சின்ன சமஸ்தானத்தில் அரசு என்பதே இந்த மானியங்களைக் கொடுப்பதிலும் வாங்குவதிலும் எப்படி உயிர் வைத்திருந்தது என்று விரிவாகப் பேசுகிறார். மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல். 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. சிறு இனாம்களை ஒழிக்கும் சட்டம் 1963-இல் வந்தது.

எங்கள் கைக்குப் பண்டாரச்செய் இந்தச் சட்டத்துக்கு முன்பே ஒத்திக்கு வந்துவிட்டது. ஒத்தி என்றால் தெரியும்தானே, பணத்தைத் திருப்பும்வரை நிலத்தை அனுபவிப்பது. பணம் திரும்பவில்லை. பட்டா கொடுத்தபோது உழுதுகொண்டிருந்தவர் எங்கள் அய்யா. எல்லாம் சட்டப்படிதான். பண்டார வீட்டார் ஊரைவிட்டுப் போய் மூன்று தலைமுறை ஆகிறது. ஆனால் அந்தச் செய்யை எங்கள் வீட்டில் ஒருவர்கூட "நம்ம செய்" என்று சொன்னதில்லை. பண்டாரச்செய்தான். அறுப்பு முடிந்ததும் அந்த ஒரு செய்யிலிருந்து மட்டும் ஒரு மரக்கால் நெல் தனியே எடுத்து வைப்பார்கள், பூநெல் என்று. கோயில் பூவுக்காக. ஊழியம் செய்தவர் போய்விட்டார், நிலம் வேறு கைக்கு வந்துவிட்டது, கடன் மட்டும் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வேறொரு பெயர் வைத்திருந்தால் அந்த மரக்கால் நெல் என்றோ நின்றிருக்கும்.

நம் கல்வெட்டுகளில் இப்படிப்பட்ட பெயர்கள் ஏராளம். விளக்கெரிக்க விட்டது திருவிளக்குப்புறம், நந்தவனத்துக்கு விட்டது நந்தவனப்புறம், ஏரி பராமரிப்புக்கு ஏரிப்பட்டி, போரில் மாண்டவர் குடும்பத்துக்கு உதிரப்பட்டி, சமணப் பள்ளிக்கு விட்டது பள்ளிச்சந்தம். இந்தக் கடைசிச் சொல் என்ன செய்தது என்று பாருங்கள். கீழடியில் 2015-இல் அகழாய்வு தொடங்கிய தென்னந்தோப்பு மேட்டுக்கு ஊரார் வழங்கிய பெயர் பள்ளிச்சந்தைத் திடல். அங்கே சந்தையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. பொருள் மறந்துபோன பிறகும் ஒலியைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே பொற்பனைக்கோட்டை. தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகல் கிடைத்த ஊர். வட்டமான மண்கோட்டைக்கு நடுவில் இருக்கும் மேட்டை அந்த ஊர்க்காரர்கள் அரண்மனைத்திடல் என்றுதான் சொல்லிவந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தது செடிகொடியும் பானை ஓடும்தான். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2021-இல் அங்கே குழி போட்டது. செங்கல் கட்டுமானம் வந்தது. 2023-இல் மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. கருவியோடு போனவர்களுக்கு எங்கே தோண்டுவது என்று வழி காட்டியதில் அந்தப் பெயருக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். குளத்தூர்ப் பக்கம் செட்டிப்பட்டியில் சமணர் குண்டு என்று வழங்கிய மேட்டில் சமணக் கோயிலின் இடிபாடுகள் கிடைத்தன. ஆடு மேய்க்கிறவர் சொல்லும் பெயரைக் கேட்காமல் கள ஆய்வுக்குப் போகாதீர்கள் என்று இங்கே இருக்கும் வரலாற்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தாழிக்கொல்லையும் இந்த வகைதான். ஏர்க்கொழுவில் இடறி வாயகன்ற பானை ஒன்று உடைந்ததாம். உள்ளே சாம்பல்போல மண், ஒரு சின்னக் கிண்ணம். முன்காலத்தில் மனிதர்கள் சாகாமல் சுருங்கிக்கொண்டே போவார்கள், விளக்கு மாடத்தில் வைக்கிற அளவு குறுகியதும் சாப்பாட்டோடு தாழிக்குள் வைத்துவிடுவார்கள் என்று அப்பத்தா சொன்னார். இந்தக் கதையைத் தமிழ்நாட்டில் நூறு ஊர்களில் கேட்கலாம். அந்தக் கொல்லையில் எங்கள் வீட்டார் ஆழ உழுததில்லை. டிராக்டர் வந்த பிறகும் அந்த மூலையை மட்டும் விட்டுத்தான் ஓட்டுகிறோம்.

குதிரைப்பொட்டல் என்றால் குதிரை கட்டிய இடம் என்று நினைத்தேன். அய்யனாருக்குப் புரவி எடுக்கும்போது, வேளார் வீட்டிலிருந்து வரும் மண்குதிரைகளை இறக்கி வைத்துக் கண்திறக்கிற இடம் என்று பிறகுதான் தெரிந்தது. இலுப்பையடியில் இலுப்பை கிடையாது. நான் பார்த்த நாளிலிருந்தே கிடையாது. அங்கே பலா நின்றது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்து வடகாடு, மாங்காடு, கீரமங்கலம் வட்டாரத்தின் தென்னையையும் பலாவையும் வேரோடு படுக்கவைத்தபோது அதுவும் போனது. பலா நின்ற காலத்திலும் அது இலுப்பையடிதான், இப்போது எலுமிச்சை நிற்கும்போதும் இலுப்பையடிதான். வரகுக்கொல்லையில் இடையில் ஒரு தலைமுறைக் காலம் தைலமரம் நின்றது. அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சிய கதையை இந்த மாவட்டத்தில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. இஞ்சின் கொல்லையில் இஞ்சின் இல்லை. ஆயில் இஞ்சின் வைத்து முதன்முதலாகக் கிணற்று நீர் இறைத்த நாளில் ஊரே வேடிக்கை பார்க்க வந்ததாம். அன்று விழுந்த பெயர். இப்போது ஆழ்துளைக் கிணறு ஓடுகிறது.

இங்கிலாந்தில் 1836-இல் தசமபாக வரியைப் பணமாக்கும் சட்டம் வந்தபோது, ஊர் ஊராக வரைபடம் போட்டு, ஒவ்வொரு வயலுக்கும் எண்ணோடு பெயரையும் பட்டியலில் எழுதினார்கள். அந்தப் பட்டியல்களிலிருந்துதான் ஜான் ஃபீல்டு என்பவர் 1972-இல் ஆங்கில வயற்பெயர்களுக்கு அகராதியே போட்டார். அங்கே ஊர்க்கோடியில் தொலைவாக இருக்கும் வயலுக்குப் பாட்டனி பே என்று பெயர் வைப்பார்களாம், குற்றவாளிகளைக் கப்பலேற்றி அனுப்பிய ஆஸ்திரேலியக் கரையின் பெயரை. எங்கள் பக்கத்து ஊரில் ஒரு ரங்கூன் கொல்லை இருக்கிறது. அது ஊருக்கு நடுவில், கோயிலை ஒட்டி இருக்கிறது. ரங்கூனுக்குப் போன ஒருவர் அனுப்பிய பணத்தில் வாங்கியது. அவர்கள் தூரத்தை அளந்து பெயர் வைத்தார்கள். நாம், அந்தத் தூரத்துக்குப் போனவர் வீட்டுக்கு அனுப்பியதை வைத்துப் பெயர் வைத்திருக்கிறோம்.

நமக்கும் ஒரு அகராதி வேண்டும். ரா. பி. சேதுப்பிள்ளை 'ஊரும் பேரும்' எழுதினார், ஊர்ப்பெயர் ஆய்வு அதிலிருந்து வளர்ந்தது. ஊருக்குள் இருக்கும் வயலின் பெயருக்கு யாரும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த மாவட்டத்தின் ஊர்ப்பெயர்கள் பலவும் முதலில் நிலப்பெயர்களே: அணவயல், மேற்பனைக்காடு, வடகாடு, வேங்கைவயல். வேங்கையும் வயலும் சேர்ந்த அந்த அழகான பெயரை 2022 டிசம்பருக்குப் பிறகு நாட்டில் எல்லாரும் அறிந்துகொண்டார்கள், தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமையால். அந்தப் பெயரை நான் சும்மா உதாரணமாகச் சொல்லிக் கடந்துபோக முடியவில்லை. பெயர் என்பது நடந்ததைச் சுமப்பது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். இதையும் அது சுமக்கும்.

மஞ்சக்காணியைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

மகளைக் கட்டிக்கொடுக்கும்போது தாய்வீடு மஞ்சள் குங்குமத்துக்காக என்று எழுதிக்கொடுக்கும் நிலம் மஞ்சக்காணி. எங்கள் அப்பத்தாவோடு வந்தது அந்த ஒரு செய். ஆறு செய்களிலும் மிக நல்ல மண். அதில் விளைந்ததை அவர் தனியாக விற்று, என் அயித்தைகளுக்குத் தோடு வாங்கினார், அப்பாவின் படிப்புக்குக் கட்டினார். 1980-களில் நில உடைமைப் பதிவுகளைச் சரிபார்த்தபோது, பதினொரு துண்டும் அய்யா பெயருக்கு ஏறிவிட்டது. யாரும் திருடவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் நடந்தது. வீட்டு ஆம்பிளை பேரைச் சொல்லுங்கள் என்று கேட்டிருப்பார்கள், சொல்லியிருப்பார்கள். அப்பத்தா அப்போது உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்திருப்பார். அதற்குப் பிறகு அந்த நிலம் அவருடையது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தினமும் நாங்கள் சொன்ன பெயர் மட்டும்தான் இருந்தது.

யாழ்ப்பாணத்து உறுதிகளில் காணிக்குப் பெயர் எழுதாமல் விடமாட்டார்கள். ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் என்ற நிலப் பதிவேடுகளிலிருந்து வரும் வழக்கம். இன்ன பெயருடைய காணி, இத்தனை பரப்பு என்றுதான் தொடங்கும். சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை எழுதியபோது அது எனக்கு நினைவுக்கு வந்தது. பத்திரம் எழுதுகிறவரிடம், சொத்து விவரத்தில் புல எண்ணுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு செய்யின் பெயரையும் போடச் சொன்னேன். "இதெல்லாம் தேவையில்லையே சார்" என்றார். பழைய கிரயப் பத்திரங்களில் இருப்பதை எடுத்துக் காட்டினேன். "எங்க தாத்தா எழுதுனதுல பார்த்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பதினொன்றையும் தட்டச்சு செய்தார். பண்டாரச்செய் என் தம்பிக்குப் போனது, பூநெல்லோடு. முக்குறுணி எனக்கு வந்தது.

மஞ்சக்காணியைப் பெரிய அயித்தைக்கு எழுதினோம். அவருக்கு எழுபத்தெட்டு வயது, பேருந்து ஏறி வந்திருந்தார். பத்திரத்தை முழுக்கப் படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போடுமுன், "அந்தப் பேரு வர்ற வரிய இன்னொருக்கா வாசிங்க தம்பி" என்றார். வாசித்தார். "இன்னொருக்கா" என்றார்.